லோனாக்கில் விட்டுவிட்டுப் போன அண்ணன்: கஞ்சன்ஜங்கா வடக்கு பேஸ் கேம்ப் பாதையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வடக்கு பேஸ் கேம்ப்பான பாங்பெமாவில் எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது. ஐந்து பேர் தோள்மேல் கைபோட்டு நிற்கிறோம். பின்னால் கஞ்சன்ஜங்காவின் வடக்கு முகம், ஒரு பொட்டு மேகம்கூட இல்லாமல். படத்தின் நேரம் காலை 10.42. அதே நேரத்தில் எங்கள் குழுவின் ஆறாவது ஆள் கீழே லோனாக்கில், ஒரு கல் அறையில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது என்று எழுதத்தான் ஆசை. பாதி தெரியும்.

அவரை இதில் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். குழுவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். எழுதியதை அவரிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்திவிட்டு, “போடு தம்பி, யாருக்காவது உபயோகப்படும்” என்றார். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணத்தின் அட்டவணையைப் போட்டவன் நான்.

ஆள்

அண்ணனுக்கு அப்போது வயது 44. கோவைக்காரர். முழு மாரத்தான் பலமுறை ஓடியவர். வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஏறி, நாங்கள் ஐந்தாவது மலையில் நாக்குத் தள்ளிக் கிடக்கும்போது மேலே போய் உட்கார்ந்திருப்பவர். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. கிளம்பும் முன் செய்த டிரெட்மில் பரிசோதனையில் டாக்டரே பாராட்டினாராம்.

உயரத்தால் வரும் நோயைப் பொறுத்தவரை இத்தனையும் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லாத தகவல்கள். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போனால்தான் அந்த நோய் தலைகாட்டும். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான்; ஊட்டி தொட்டபெட்டா 2,637. ஆக, நம்மூர் மலைகளில் எத்தனை வருடம் ஏறி இறங்கினாலும் அது காலுக்கும் இதயத்துக்குமான பயிற்சி. 4,500 மீட்டரில் ஒருவர் உடம்பு என்ன செய்யும் என்பதற்கு அதில் விடை இல்லை. போதாக்குறைக்கு, நல்ல தெம்புள்ள ஆள் உடம்பு பழகுவதற்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்துவிடுவார். அண்ணனும், சொல்லப்போனால் நாங்கள் எல்லோரும், அந்த டிரெட்மில் ரிப்போர்ட்டை ஒரு காப்புக் கயிறு மாதிரி கட்டிக்கொண்டு போனோம்.

இடம்

கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர். உலகின் மூன்றாவது உயரமான மலை. சிக்கிமும் கிழக்கு நேபாளமும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் மலை. வடக்குப் பக்கத்து பேஸ் கேம்ப் பாங்பெமா, 5,143 மீட்டர், நேபாளத்தின் தாப்லேஜுங் மாவட்டத்தில். 1979-ல் டக் ஸ்காட், பீட்டர் போர்ட்மன், ஜோ டாஸ்கர் மூவரும் செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் உச்சிக்குப் போனது இந்த வடக்குப் பக்கத்திலிருந்துதான்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போய்வந்தவர்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். நானும் நினைத்தேன். அந்தப் பாதையில் லுக்லாவரை விமானம் போகும். வழி நெடுக லாட்ஜ். ஃபெரிச்சேயில் 1973 முதல் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் சீசனில் நடத்தும் மருத்துவ முகாம் இருக்கிறது. கஞ்சன்ஜங்கா பக்கம் வழிகாட்டி இல்லாமலும் அனுமதிச் சீட்டு இல்லாமலும் போக முடியாது. குன்சா என்ற ஊரைத் தாண்டிவிட்டால் மேலே டாக்டர் கிடையாது. கம்பாச்செனிலும் லோனாக்கிலும் சில கல் வீடுகள், யாக் சாணம் எரியும் அடுப்பு, தால்-பாத். அவ்வளவுதான்.

நம்மூரிலிருந்து போக ஒரு சௌகரியம் உண்டு. காத்மாண்டு சுற்ற வேண்டாம். பாக்டோக்ராவில் இறங்கி, பானிடங்கியில் மேச்சி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் காக்கர்பிட்டா, நேபாளம். அங்கிருந்து பிர்தாமோட், இலாம் தேயிலைத் தோட்டங்கள், ஃபிதிம், தாப்லேஜுங் என்று ஜீப். தாப்லேஜுங் பக்கம் எங்கே பார்த்தாலும் ஏலக்காய். நம் பச்சை ஏலம் இல்லை. நெல்லிக்காய் அளவுக்குக் கறுத்து, புகைபோட்டு உலர்த்திய வாசனையோடு இருக்கும் பெரிய ஏலம். ஜீப்பில் எங்கள் காலடியில் ஒரு மூட்டை இருந்தது. இன்றைக்கும் பிரியாணியில் அந்தக் கறுப்பு ஏலம் பல்லில் பட்டால் எனக்கு அந்த ரோடு ஞாபகம் வருகிறது.

நாள்காட்டி

என் கணக்கில் கோளாறு இங்கேதான் ஆரம்பித்தது. மலையில் கால் வைப்பதற்கு ஒரு மாதம் முன்னால், வீட்டுக் காலண்டரில்.

விஜயதசமிக்கு மறுநாள் கிளம்பி, தீபாவளிக்கு முந்தைய நாள் வீடு. மொத்தம் 18 நாள். குடும்பத்தோடு தீபாவளி என்று சொல்லித்தான் ஆறு வீட்டிலும் அனுமதி வாங்கியிருந்தோம். குன்சாவில் ஒரு நாள், கம்பாச்செனில் ஒரு நாள் என உடம்பு பழக இரண்டு ஓய்வு நாள் வைத்தேன். கடைசியில் உபரியாக ஒரே ஒரு நாள்.

தசரா நம்மூரில் விஜயதசமியோடு முடிந்துவிடும். நேபாளத்தில் தசைன் பௌர்ணமிவரை நீளும். அலுவலகங்கள் மூடிக்கிடக்கும், ஊருக்குப் போகிறவர்களால் ஜீப்புகள் பிதுங்கும். எனக்கு இது தெரியாது. பிர்தாமோட்டில் ஜீப் கிடைக்காமல் ஒரு நாள் போனது. தாப்லேஜுங்கிலிருந்து சேகாதும் என்ற ஊருக்குப் போகும் மண் சாலையில் சரிவு, இன்னொரு நாள். இரண்டு நாள் காலி. உபரி நாள் ஒன்றை விழுங்கியது. மற்றொன்றுக்கு நான் வெட்டியது கம்பாச்சென் ஓய்வு நாளை. குன்சாவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசியபோது ஒருவர்கூட மறுக்கவில்லை. “சும்மா உட்கார்ந்திருக்கிற நாள்தானே” என்றது அண்ணன்தான்.

அந்தச் சும்மா உட்காரும் நாளின் மதிப்பு உயரங்களை அடுக்கிப் பார்த்தால் புரியும். குன்சா 3,400 மீட்டருக்குச் சற்று மேலே. கம்பாச்சென் சுமார் 4,100. லோனாக் சுமார் 4,780. மலை மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். இந்தப் பாதையில் ஊர்கள் அமைந்திருக்கும் விதமே இந்த விதிக்கு ஒத்துவராது. குன்சாவிலிருந்து கம்பாச்சென் ஒரே தாவலாக 700 மீட்டர், அங்கிருந்து லோனாக் இன்னொரு 680. நடுவில் தூங்க ஒழுங்கான இடம் கிடையாது. அதனால் இங்கே ஓய்வு நாள் என்பது விதியை மீறியதற்குக் கட்டும் அபராதம். நாங்கள் கட்டாமல் போனோம். இரண்டே இரவில் தூங்கும் உயரம் 1,300 மீட்டருக்கு மேல் ஏறியது.

கம்பாச்சென் முதல் லோனாக் வரை

எங்கள் வழிகாட்டி லிம்பு இனத்தவர், ஐம்பது வயது இருக்கும். அண்ணன் என்பதற்கு நேபாளியில் ‘தாய்’ என்பார்கள். ஐம்பது வயது ஆண்பிள்ளையைத் தாய் என்று கூப்பிட எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அப்புறம் பழகிவிட்டது. நாள் முழுக்க அவர் சொன்னது ஒரே வார்த்தை: “பிஸ்தாரை, பிஸ்தாரை.” மெதுவா, மெதுவா. அண்ணன் அதற்குச் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விடுவார்.

குன்சாவுக்கு மேலே ஒரு பெரிய சரிவைக் கல் விழுவதற்கு முன் ஓட்டமும் நடையுமாகக் கடக்க வேண்டும். அதைத் தாண்டினால் வலப்பக்கம் ஜன்னு மலை எழுந்து நிற்கும், 7,710 மீட்டர். நேபாள அரசு வைத்த பெயர் கும்பகர்ணன். பொருத்தமான பெயர்தான், அத்தனை பெரிய உடம்பு. ஆனால் அதைப் பார்த்தால் தூங்குகிற மாதிரி இல்லை.

கம்பாச்செனில் அன்று மாலை விரல்நுனி ஆக்சிஜன் மானியில் எங்கள் ஐந்து பேருக்கும் 85-லிருந்து 88-க்குள். அண்ணனுக்கு 79. “விரல் ஜில்லுனு இருக்கு, அதான்” என்றார். கையைத் தேய்த்து மறுபடி வைத்தோம். 80. அந்த ஒரு புள்ளி எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. தாப்லேஜுங் புழுதியிலிருந்தே அவருக்குச் சளி இருந்தது. வறட்டு இருமலும் சேர்ந்திருந்தது. மலையில் எல்லோரும் இருமுவார்கள். அதுவும் உண்மைதான்.

மறுநாள் லோனாக் போகும் வழியில்தான் முதல் தெளிவான அறிகுறி. இருமலைவிட, மானி காட்டிய எண்ணைவிட, அது பெரியது: அண்ணன் கடைசியாக வந்தார். நாங்கள் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. இருபது வருடத்தில் அவர் எனக்குப் பின்னால் நடந்து நான் பார்த்ததே இல்லை. வந்ததும் காலணியைக் கழற்றக் குனிந்தவர், ஒரு காலைக் கழற்றிவிட்டு, மறுகாலுக்கு முன் நிமிர்ந்து மூச்சு வாங்கினார். இருபது மூச்சாவது இருக்கும். பிறகுதான் இரண்டாவது காலணி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப் வந்தது, குடிக்கப் போய்விட்டேன்.

இரவு படிவம் நிரப்பினோம். லேக் லூயிஸ் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. 2018-ல் திருத்திய வடிவத்தில் நான்கு கேள்வி: தலைவலி, வயிறு, அசதி, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. தலைவலி இருந்து, மொத்தம் மூன்றைத் தொட்டால் மலை நோய். அண்ணனுக்குத் தலைவலி 0, வயிறு 0, அசதி 2, தலைசுற்றல் 0. மொத்தம் 2. தேறிவிட்டார்! படிவத்தை நிரப்பியவன் நான். அந்த 2-ஐ எழுதியபோது வந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. மானியில் 71 என்று இருந்ததையும் அதே தாளின் ஓரத்தில் நானேதான் எழுதினேன்.

அந்தப் படிவம் கேட்பது மண்டையைப் பற்றி. அண்ணனுக்கு வந்திருந்தது நெஞ்சில்.

நெஞ்சில் நடப்பது என்ன

நுரையீரலின் ஒரு மூலையில் காற்று குறைந்தால், அங்கே போகும் ரத்தக்குழாய் சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். சமவெளியில் இது அருமையான ஏற்பாடு. 4,700 மீட்டரில் நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் பற்றாக்குறை. மூச்சுக்குக் கிடைப்பது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. குழாய்கள் எல்லாப் பக்கமும் சுருங்குகின்றன, ஆனால் ஒரே அளவாக இல்லை. வீட்டில் நாலு குழாயை இறுக்கி மூடினால் ஐந்தாவதில் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதுபோலச் சுருங்காத இடங்களில் அழுத்தம் ஏறி, மெல்லிய தந்துகிச் சுவர்கள் கசிகின்றன. கசிந்த நீர் காற்றறைகளில் தேங்கும். தேங்கினால் ஆக்சிஜன் இன்னும் குறையும், குறைந்தால் குழாய் இன்னும் சுருங்கும். சிலருடைய உடம்பு பிறவியிலேயே இப்படி அதிகமாகச் சுருங்கும் வாகு. மாரத்தான் ஓடினாலும் மாறாது.

உயரத்தால் நுரையீரலில் இப்படி நீர் கோப்பதை (ஆங்கிலத்தில் சுருக்கமாக HAPE) நிமோனியா என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1960-ல் அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்லஸ் ஹூஸ்டன் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகக் கவனித்தது. நம் நாட்டுப் பங்கும் சின்னதில்லை. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து சிப்பாய்களை அவசரமாக இமயத்துக்கு ஏற்றினார்கள். எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே பலர் சுருண்டார்கள். அந்தக் காலகட்டத்து அனுபவத்திலிருந்து இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 வீரர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1969-ல் வெளிவந்தது. அந்தச் சிப்பாய்களுக்குப் பழக நேரம் கொடுக்காதது போர். எங்களைத் துரத்தியது தீபாவளி டிக்கெட்.

இந்த நோய் வருபவர்களில் கணிசமானவர்களுக்குத் தலைவலியே இருக்காது. படிவம் சொன்ன 2 சரியான மதிப்பெண்தான். கேள்வித்தாள்தான் வேறு பாடத்தினுடையது.

பாங்பெமா நாள்

காலை ஐந்து மணி. அண்ணன் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். மானியில் 68. நாடித்துடிப்பு 118. வழிகாட்டி அவரைப் பார்த்துவிட்டு, சுமை தூக்குபவர் ஒருவரிடம் திரும்பி, “தல ஜானு பர்ச்ச” என்றார். தலையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். நேபாளியில் ‘தல’ என்றால் கீழே. கீழே போயாக வேண்டும்.

பிறகு என்னிடமே இந்தியில் சொன்னார். இப்போதே, எல்லோருமாக, கம்பாச்சென். அடுத்து நடந்த பத்து நிமிடம்தான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன். நான் மறுக்கவில்லை. பேரம் பேசினேன். அண்ணன் ஓய்வெடுக்கட்டும், ஒரு ஆள் கூட இருக்கட்டும், நாங்கள் மூன்று நாலு மணி நேரத்தில் பாங்பெமா போய்த் தொட்டுவிட்டு மத்தியானம் வந்துவிடுகிறோம், வந்ததும் எல்லோரும் சேர்ந்து இறங்குவோம். அண்ணனும் எனக்குச் சாதகமாகவே பேசினார்: “என்னால யாரும் நிக்க வேண்டாம். இவ்வளவு தூரம் வந்துட்டு.” வழிகாட்டி கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “உங்க இஷ்டம்” என்றார்.

அவர் இன்னும் உறுதியாக நின்றிருக்க வேண்டும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கூலி தருவது நாங்கள், கடைசியில் பக்ஷீஸ் தருவது நாங்கள், ஏஜென்சியிடம் நல்ல வார்த்தை சொல்வதும் நாங்கள். அவர் சொல்வதைச் சொல்லிவிட்டார். கேட்காமல் போனதற்கு அவரைப் பொறுப்பாக்குவது கொஞ்சம் அநியாயம். ஒரு குழு கிளம்பும் முன்பே, உடம்பு விஷயத்தில் வழிகாட்டி சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று எல்லோர் முன்னிலையிலும் பேசி வைத்திருந்தால், காலை ஐந்து மணிக்கு அவர் அடுப்பைப் பார்க்க வேண்டி வந்திருக்காது. இப்போது போகும் பயணங்களில் நாங்கள் அதைச் செய்கிறோம்.

இன்னொரு தவறான நம்பிக்கை, ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்பது. லேசான தலைவலிக்கு அது சரி. ஏறாமல் அதே இடத்தில் இருந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டால் அதே உயரத்தில் படுத்திருப்பது ஓய்வே இல்லை. படுத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கசிவு கூடுகிறது.

பாங்பெமா அழகாகத்தான் இருந்தது. அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது மணி 1.45. கதவுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. இளநீரின் கடைசிச் சொட்டை ஸ்ட்ராவில் உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம், ஒவ்வொரு மூச்சுக்கும். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நிமிடத்துக்கு 34 மூச்சு. மானி 58 என்றது. எங்களில் ஒருவர் பார்மசி படித்தவர். அண்ணன் முதுகில் காது வைத்துக் கேட்டார். காதருகே தலைமுடியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், அதே மாதிரிச் சத்தம், முதுகின் கீழ்ப்பாதி முழுக்க. துப்பிய சளியில் இளஞ்சிவப்பு நுரை.

கையில் இருந்தவை: உயரத்துக்குப் பழக உதவும் அசிட்டசோலமைடு, உயரத்தால் வரும் மூளை வீக்கத்துக்கான டெக்சாமெத்தசோன், பாராசிட்டமால், அப்புறம் ஷேவிங் கிரீம் டப்பா மாதிரி ஒரு ஆக்சிஜன் கேன். அந்தக் கேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்க்கத் தைரியமாக இருக்கும். அதில் இருப்பது சில லிட்டர்தான். மூச்சு முட்டும் ஆளுக்குச் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். எங்களுடையது நாங்கள் பயந்த வேகத்தில் இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. ரெகுலேட்டரோடு உண்மையான சிலிண்டர் ஒன்றைச் சுமக்கத் தனி ஆள் வேண்டும், செலவு அதிகம் என்று தாப்லேஜுங்கிலேயே வேண்டாம் என்றிருந்தோம். இந்த நோய்க்கான மருந்தான நிஃபெடிபைன் எங்களிடம் இல்லவே இல்லை. லோனாக்கில் தங்கியிருந்த வேறொரு குழுவிடம் இருந்தது, கொடுத்தார்கள். அது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்.

இறக்கம்

ஹெலிகாப்டர்? முதலில் எல்லோரும் கேட்பது அதுதான். சாட்டிலைட் போன் இருந்தது, பேசினோம். மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளத்தாக்கில் மேகம் அடைத்துவிட்டது. நாளைக் காலை பார்க்கலாம் என்றார்கள். வழிகாட்டி அதற்குக் காத்திருக்கவே இல்லை. இந்தப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஹெலிகாப்டர் மேல் பெரிய நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் உண்டு. 2006 செப்டம்பர் 23 அன்று, கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதியை உள்ளூர் மக்களிடமே ஒப்படைக்கும் விழா முடிந்து குன்சாவிலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் மலையில் மோதி 24 பேர் இறந்தார்கள். நேபாளத்தின் முக்கியமான இயற்கைப் பாதுகாப்பு நிபுணர்கள் பலர் அதில் இருந்தார்கள். மோசமான வானிலை.

எங்கள் காப்பீட்டுக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பாலிசியின் சின்ன எழுத்தில், 4,500 மீட்டருக்கு மேல் செல்லாது என்று இருந்தது. 5,143 மீட்டர் போகிறோம் என்று தெரிந்தே வாங்கிய பாலிசி. படிக்காமல் கையெழுத்துப் போட்டது ஆறு பேரும்.

2.30-க்குக் கிளம்பினோம். அண்ணன் நாற்பது அடி நடந்தார். உட்கார்ந்துவிட்டார். இந்த நோயில் நடக்க வைப்பதும் கெடுதல்; உழைப்பு கூடினால் நுரையீரலில் அழுத்தமும் கூடும். சுமை தூக்குபவர் ஒருவர் தன் டோகோவில் இருந்த சாமானையெல்லாம் கொட்டினார். டோகோ என்பது மூங்கில் கூடை. கீழே குறுகி மேலே விரிந்திருக்கும். நாம்லோ என்ற பட்டை கூடையின் அடியைச் சுற்றி வந்து நெற்றியில் மாட்டும். பாரம் முழுக்கக் கழுத்திலும் முதுகிலும். உள்ளே பாயை மடித்துப் போட்டு, அண்ணனைப் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வைத்து, போர்வையால் கட்டினார்கள். 71 கிலோ. தூக்கியவர் அதைவிட எடை குறைவானவர். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று மூன்று பேரும் வழிகாட்டியும் மாறி மாறித் தூக்கினார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைப்பதைவிட இது மேல் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். நெஞ்சில் நீர் கோத்தவரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும்.

என் வேலை வெளிச்சம் காட்டுவது. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. தேய்பிறை, நிலா வர நடுநிசி ஆகும். தூக்குபவரின் காலுக்கு ஒரு அடி முன்னால் விளக்கைப் பிடித்தபடி நடந்தேன். அவர் போட்டிருந்தது தேய்ந்த கேன்வாஸ் ஷூ. இடது ஷூவின் கயிறு அறுந்து, சணலால் முடிச்சுப் போட்டிருந்தது. ஏழு மணி நேரத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் அந்த முடிச்சுதான். என் காலில் இருந்தது பதினான்காயிரம் ரூபாய் ஷூ.

ராம்தாங் மேய்ச்சல் நிலத்தில் கொஞ்சம் நின்றோம். அங்கே வரும்போதே குமிழிச் சத்தம் சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது. எங்கள் ஆசையாகவும் இருக்கலாம். கம்பாச்செனுக்கு வந்து சேர்ந்தபோது மணி 9.50. மானி 70. அண்ணன், “தண்ணி குடு” என்றார். காலையிலிருந்து அவராகக் கேட்ட முதல் விஷயம்.

விடிந்தபோது 76. ஹெலிகாப்டர் ஏற்பாடு பணத் தகராறில் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் குன்சாவுக்கே இறக்கிவிடலாம் என்று தூக்கிக்கொண்டு கிளம்பினோம். கடைசி அரை மணி நேரம் அவரே நடந்தார், இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க. அன்று மாலை குன்சாவில் 86. ஒரு மருந்தும் செய்யாததை 1,300 மீட்டர் இறக்கம் செய்தது. இந்த நோயின் விசித்திரம் அது: சாகக் கிடந்தவர் இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு கேட்கிறார்.

திரும்பிய பிறகு கேட்டவை

அசிட்டசோலமைடு எடுத்திருந்தால் வந்திருக்காதே என்று பலர் கேட்டார்கள். நாங்கள் நான்கு பேர் எடுத்தோம். அண்ணன் விரல் மரக்கிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று விட்டுவிட்டார். அது உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும், தலைவலி வகை நோயைத் தடுக்க நன்றாக உதவும். நெஞ்சில் நீர் கோப்பதற்கு அதை நம்பி இருக்க முடியாது. அதனால் மாத்திரையை நான் இந்தக் கதையின் மையத்தில் வைக்க மாட்டேன். அண்ணன் அடுத்த முறை போவதாக இருந்தால், ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், டாக்டரிடம் கேட்டு நிஃபெடிபைனை முன்கூட்டியே தொடங்க வேண்டி வரலாம். போவாரா என்று நான் கேட்கவில்லை.

ஆக்சிஜன் மானியைப் பற்றியும் கேட்கிறார்கள். தனி எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது; லோனாக்கில் 80 என்பது சாதாரணம், கோவையில் 80 என்றால் ஐசியூ. பார்க்க வேண்டியது, கூட வந்தவர்களிலிருந்து ஒருவர் மட்டும் எவ்வளவு விலகுகிறார் என்பதை. கம்பாச்செனிலேயே அண்ணன் எங்களைவிட ஏழெட்டுப் புள்ளி கீழே இருந்தார். ஆனால் என்னைக் கேட்டால், மானியே வேண்டாம். காலணியைக் கழற்ற இருபது மூச்சு வாங்கிய ஆளைப் பார்த்தாலே போதும்.

குன்சாவில் ஒரு நாள் தங்கி, மெதுவாக இறங்கி, பிர்தாமோட் வந்தோம். எந்த விமானத்துக்காக ஓய்வு நாளை வெட்டினோமோ அது முந்தைய நாளே போய்விட்டிருந்தது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் ஒரு லேசான நிழல் மட்டும் மிச்சம்.

அன்று நம் தீபாவளி. நேபாளத்தில் அதே சதுர்த்தசி நாளில் குக்குர் திஹார், நாய்களுக்கான பண்டிகை. தெருவில் போன ஒவ்வொரு நாய்க்கும் கழுத்தில் செண்டுமல்லி மாலை, நெற்றியில் சிவப்புத் திலகம். லாட்ஜ் வாசலில் ஒரு செவலை நாய் மாலையோடு கம்பீரமாகப் படுத்திருந்தது. அண்ணன் தன் செல் ரொட்டியில், அரிசி மாவில் சுட்ட வளையம் அது, பாதியைப் பிய்த்து நாய்க்குப் போட்டார். வீட்டுக்கு போன் போட்டு, பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே, கொஞ்சம் சளி, டிக்கெட் தவறிவிட்டது என்று சொன்னார். பிறகு மாடிக்கு ஏறினோம். முதல் திருப்பத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்து நின்றார். எல்லோரும் நின்றோம்.